மாப்பிள்ளை அனுப்பிய, ஓரம் மங்காத லென்ஸ்

ஸ்ரீ வேங்கடேசப் பெருமாள் துணை

திருப்பதி,
துன்முகி வருஷம், மார்கழி மாதம்.

மதராஸ் பட்டணத்தில், பத்திரிகைப் படங்களுக்கு அச்சுக்கட்டை செய்கிற பிளாக் மேக்கிங் கம்பெனியில் பெரிய கேமராவுக்கு ஆபரேட்டராக உத்தியோகம் பார்த்து, என் தங்கை மல்லிகாவுடனும் குழந்தைகளுடனும் சகல சௌக்கியமாக வாழ்ந்துவரும் மாப்பிள்ளை எத்திராஜ் அவர்களுக்கு, திருப்பதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கும் மச்சான் கோவர்த்தனன் அநேக வந்தனங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், ரத்தினம்மா, மகள் சுந்தரி மூவரும் சுகம் என்று எழுதுவது மரியாதை. எழுதிவிட்டேன். உடம்பு சுகம்தான், மற்றது கீழே வருகிறது. உங்கள் உத்தியோகம் மேன்மேலும் உயரவும், மல்லிகாவின் முழங்கால் வலி இறங்கவும் தினமும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே ரயில் பார்சலில் ஒரு மரப்பெட்டி வரும். உள்ளே வைக்கோலுக்கு நடுவில், ஆடி மாதம் நீங்கள் அன்போடு அனுப்பிவைத்த லென்ஸ் இருக்கும். தயவுசெய்து அதை வாங்கி, உங்கள் கம்பெனியில் எந்த மூலையில் கிடந்ததோ அந்த மூலையிலேயே திரும்பப் போட்டுவிடுங்கள். நீங்கள் இந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியவர். உங்களை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் கிடையாது, சொன்னால் மல்லிகா என்னைச் சும்மா விடமாட்டாள். ஆகவே இந்தக் கடிதத்தில் நான் லென்ஸை மட்டுமே திட்டப்போகிறேன். திட்டு எங்கேயாவது லென்ஸைத் தாண்டிப் போய் விழுந்தால் அது கைத்தவறு என்று எடுத்துக்கொள்ளவும்.

புத்தூருக்கு அந்தப்பக்கம் இருக்கிற நம் கண்டிகை கிராமம் மதராஸோடு போகுமா, ஆந்திராவிலேயே இருக்குமா என்று இரண்டு வருஷமாக எல்லோரும் அடித்துக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் பட்டணத்தில் உட்கார்ந்து பேப்பரில் படிக்கிறீர்கள். நாங்கள் அந்தப் பேப்பரில் சுற்றிய பகோடாவைச் சாப்பிடும்போதுகூட அதே சண்டையைத்தான் படித்தாக வேண்டியிருக்கிறது. ஊர் மணியக்காரர் முனிரத்தினம் மதராஸ் கட்சி. கைநாட்டு வைத்த மனு கட்டுக் கட்டாகக் கொடுத்தார். எல்லைத் தகராறை விசாரிக்கிற ஆபீசருக்காக மனு வாங்க வந்த முகாம் குமாஸ்தா யாரோ, "கட்டைவிரலைப் பார்த்து இது தமிழ் விரலா தெலுங்கு விரலா என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டுவிட்டானாம். மணியக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊரையே ஏரிக்கரையில் நிற்கவைத்து ஒரே போட்டோ பிடித்து, ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி கொண்டுபோய் ஆபீசர் மேஜைமேல் விரித்துவிடுவது என்று முடிவு பண்ணினார். அப்படிப்பட்ட போட்டோ பிடிக்கக்கூடிய கேமரா இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னிடம்தான் இருக்கிறது. சித்தூரில் ஒரு துரை பங்களா ஏலத்தில் நான் எடுத்தது. கழுத்தில் மாட்டுகிற கேமரா இல்லை, மாட்டு வண்டியில் ஏற்றுகிற கேமரா. பிலிமுக்குப் பதிலாக உள்ளே போடுகிற கண்ணாடிப் பிளேட்டே சாப்பாட்டு இலை அகலம். என்லார்ஜ் பண்ணுகிற வேலையே கிடையாது, பிளேட் எவ்வளவோ படமும் அவ்வளவு.

இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். மணியக்காரர் மகன் பழனிக்கு நம் சுந்தரியைக் கொடுக்கிற பேச்சு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. நல்ல குடும்பம், கழனி, கிணறு, பையன் பள்ளிக்கூடம் முடித்தவன், தலைநிமிர்ந்து பேசமாட்டான், அதை அடக்கம் என்றே நினைத்துக்கொண்டேன். ஸ்டூடியோக்காரன் பெண்ணுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? போட்டோ நன்றாக வந்தால் கல்யாணம் நிச்சயம், கெட்டால் பேச்சு அங்கேயே நிற்கும் என்று மணியக்காரர் சொல்லவில்லை. ஆனால் சந்திரம்மா, அவருடைய பெண்சாதி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "எங்கூட்டுக்கு வர்ற சம்பந்தி கைராசிக்காரரா இருக்கணும், அவ்ளோதான்" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது.

கேமராவோடு கூடவே ஏலத்தில் வந்தது ஒரு பித்தளை லென்ஸ். ஒத்தை ஆளை உட்காரவைத்துப் பிடிக்கிற லென்ஸ் அது. வெளிச்சம் அள்ளிக் குடிக்கும், நடுவில் இருக்கிற முகத்தை நகை மாதிரி காட்டும். வெள்ளோட்டமாக முதலில் அதை வைத்தே ஊர்ப் பெரியவர்களை ஒரு படம் பிடித்தேன். நடுவில் மணியக்காரர் மட்டும் சாமி மாதிரி பளிச்சென்று உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு ஆள் தள்ளிப்போகப் போக மங்கல். இரண்டு ஓரத்திலும் நின்றவர்கள் எல்லாம் சுழன்று, கரைந்து, மனுஷரா புளியமரமா என்றே தெரியவில்லை. மணியக்காரருக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமே, போட்டோவில் பெண்கள் ஒரு ஓரமாகத்தான் உட்காருவார்கள். சந்திரம்மா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகை இருந்தது. "நான் எங்க?" என்றாள். "ஓரத்துல இருக்கறவங்க உருத் தெரியாதும்மா, இந்த லென்ஸு அப்படித்தான்" என்று நான் வாயைக் கொடுத்தேன். மணியக்காரர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அது எனக்கு அப்போது தெரியாது. ஓரத்தில் நின்ற ஆம்பிளைகளும் பிடித்துக்கொண்டார்கள். "அப்ப நாங்க எல்லாம் இந்த ஊரு இல்லியா? நடுவுல இருக்கறவன்தான் தமிழனா, ஓரத்துல இருக்கறவன ஆந்திராவுக்கு வுட்டுட்டியா?" என்று ஒருவன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான்.

சரி என்று சித்தூருக்கு ஓடினேன். அங்கே கட்டிடங்கள் பிடிக்கிற ஒருத்தரிடம் அகலக் கோண லென்ஸ் ஒன்று கடன் வாங்கி வந்தேன். அது இருக்கிற இடம் தெரியாத சின்ன லென்ஸ், ஆனால் ஏரி, கரை, ஊர், மலை எல்லாவற்றையும் பிளேட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. மூலை முடுக்கெல்லாம் தெரிகிறதே என்று நானும் சந்தோஷப்பட்டேன். படத்தைக் கழுவிப் பார்த்தால், நடுவில் இருப்பவர்கள் குன்றிமணி அளவு, ஓரத்தில் இருப்பவர்களை யாரோ காதைப் பிடித்து இழுத்தது மாதிரி அகலம். சந்திரம்மா ஓரத்தில். மாப்பிள்ளை, அதை நான் வர்ணிக்க விரும்பவில்லை. அந்த அம்மாள் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு அந்த வீட்டில் மோர்கூடக் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் என் புத்தி கெட்டு உங்களுக்குக் கடிதம் போட்டேன். இவ்வளவு பெரிய பிளேட்டுக்கு எந்த லென்ஸ் வாங்குவது என்று ஒரு கேள்வி கேட்டேன், நீங்கள் ஒரு பாடப்புத்தகமே எழுதி அனுப்பினீர்கள். "மச்சான், கேமரா பெரிதாக இருப்பதில் ஒன்றும் இல்லை. லென்ஸ் உள்ளே போடுகிற வெளிச்சம் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் உங்கள் பிளேட்டின் நாலு மூலையும் அடங்குகிறதா என்று பாருங்கள். வட்டத்துக்கு வெளியே நிற்பவன் எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் இருட்டுதான். ஆள் பிடிக்கிற லென்ஸ் நடுவுக்கு மட்டும் நல்லது. அகலக் கோணம் ஓரத்தை இழுக்கும். உங்களுக்கு வேண்டியது எங்கள் பிளாக் கேமராவில் போடுகிற மாதிரி நீளமான, நிதானமான லென்ஸ். அதன் வாயைச் சின்னதாக்கச் சின்னதாக்க வட்டம் ஓரம் வரைக்கும் கூர்மையாகும். அதற்கு நடு, ஓரம் என்கிற வித்தியாசமே கிடையாது" என்று எழுதினீர்கள். நடு, ஓரம் என்கிற வித்தியாசமே கிடையாது! என்ன ஒரு நியாயவான் லென்ஸ்! நம் ஊருக்கு இந்த மாதிரி நியாயம் வேண்டுமா என்று நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கம்பெனியில் புதுசு வந்ததால் ஒதுக்கிப்போட்ட பழசு ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, பிளாக் வேலைக்குப் போடுகிற பிராசஸ் பிளேட்டோடு சேர்த்து அனுப்பினீர்கள். உங்கள் நல்ல மனசு. அந்த நல்ல மனசை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

லென்ஸ் வந்தது. கல்லுக்குண்டு கனம். மாட்டியதும் கேமராவின் முன்பலகை தலை தொங்கிவிட்டது, அடியில் நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்து முட்டுக்கொடுத்தேன். ஆவணியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து ஊரையே ஏரிக்கரையில் நிற்கவைத்தோம். மணியக்காரர் வீட்டில் கத்தரிக்காய் சாம்பார், வடை, பாயசம் எல்லாம் நடந்தது. உங்கள் பிராசஸ் பிளேட் வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கிறது, லென்ஸ் வாயையும் ஊசித்துளை மாதிரி சின்னதாக்கியாயிற்று, ஆகவே நான் மூடியைக் கழற்றினதிலிருந்து திரும்ப மாட்டுகிற வரைக்கும் ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. குழந்தைகள்கூட அசையவில்லை. பாயசம் அப்புறம்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

படம் வந்தது. மாப்பிள்ளை, உண்மையைச் சொல்லவேண்டும். நான் போட்டோ பிடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்த மாதிரி ஒரு படம் பிடித்ததில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மணியக்காரர் இடது காதுக்குக் கீழே இருக்கிற மரு, அதில் முளைத்த முடி, கடைசி வரிசையில் நின்றவன் பல்லில் ஒட்டிய வெற்றிலைத் துணுக்கு எல்லாம் இருந்தது. சந்திரம்மா ஓரத்தில் இருந்தாள், தெளிவாக, சரியான அகலத்தில். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நான் என்னிய மாதிரி இருக்கேன்" என்றாள். அன்றைக்கு மோர் கிடைத்தது, வடை கிடைத்தது, அடுத்த வாரமே தாம்பூலத் தட்டு மாற்றி, தையில் முகூர்த்தம் என்று நிச்சயமும் ஆயிற்று. சுந்தரி அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணியக்காரர் நாற்காலிக்குப் பின்னால் பழனி நின்றிருந்தான். பெண் யாரைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதோடு நின்றிருந்தால் இந்நேரம் உங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கும். அந்தப் படத்தைப் பற்றி யாரோ போய் வடமாலபேட்டைப் பக்கத்து ராகவலு நாயுடுவிடம் சொல்லியிருக்கிறார்கள். நாயுடு ஆந்திரா கட்சி. ஒருநாள் ஸ்டூடியோவுக்கே வந்து நாற்காலி நிறைய உட்கார்ந்தார். "ஏமய்யா கோவர்த்தனம், அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான் போட்டோவா? எங்க ஜனமும் இருக்குதில்ல? அதே மாதிரி, அதே சைஸு, அதே லென்ஸு" என்றார். திருப்பதியில் கடை வைத்துக்கொண்டு நாயுடுவுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? போட்டோக்காரனுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள், வடமாலபேட்டைக்கு வெளியே ஒரு மாந்தோப்பின் எதிரே கேமராவை நிறுத்தினேன். நாயுடு லாரி லாரியாக ஆள் கொண்டுவந்து இறக்கினார். புளியோதரை, தயிர்சாதம், போட்டோ முடிந்ததும் அதே லாரியில் மலையடிவாரம், பெருமாள் தரிசனம் என்று ஏற்பாடு. "அந்தா மன வாள்ளே, எல்லாம் நம்ம ஆளுங்க" என்று கையை விரித்துக் காட்டினார்.

இங்கேதான் என் தொழில் என் கண்ணைக் கட்டியது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் மங்கல் கண்ணாடியில் ஜனம் எல்லாம் தலைகீழாகத் தொங்கும். தலைகீழாகத் தொங்குகிற முகத்தில் கூர்மை பார்க்கலாம், மீசை நுனி பார்க்கலாம், ஆள் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. துணிக்கு வெளியே வந்தாலோ எனக்குக் கிட்டப்பார்வை. ஃபோகஸ் பண்ணும்போது கழற்றிய மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. எட்ட நிற்பது கூட்டம் என்று தெரிந்தது, அவ்வளவுதான். மூடியைக் கழற்றினேன், மாட்டினேன். ஸ்டூடியோவுக்கு வந்து பிளேட்டைக் கழுவினேன். நெகடிவில் எல்லோருக்கும் கறுத்த பல், வெளுத்த முடி. பெற்ற தாயைக்கூட அடையாளம் தெரியாது. கடைசியில் படப் பேப்பரை மருந்துத் தண்ணீரில் போட்டு ஆட்டும்போதுதான் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். முதலில் நம் ஊர் வண்ணான். அப்புறம் துண்டை உதறிக்கொண்டு சண்டைக்கு வந்தானே, அவன். அப்புறம் பாதிக் கண்டிகை. எல்லோரும் நாயுடுவின் ஆந்திரா ஜனமாக, வயிறு நிறைந்த முகத்தோடு நின்றிருந்தார்கள். வலது ஓரத்தில், பிளேட்டின் கடைசிக் கோடிக்கு ஒட்டி, தலையில் முண்டாசு கட்டி, பாதி மாமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்ற ஒருவர் மெல்ல மெல்லத் தெளிந்து வந்தார். இடது காதுக்குக் கீழே மரு. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு பழனி.

ஓரத்தைக் கத்தரித்துவிடலாம் என்று ஸ்கேலை எடுத்தேன். அதற்குள் நாயுடு கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். "ஒரு தலைகூடக் குறையக்கூடாது" என்று ஈரம் காயும் வரைக்கும் பக்கத்திலேயே இருந்து, "சால பாகுந்தி, ரொம்ப நல்லா இருக்குது" என்று முதுகில் தட்டிவிட்டுச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் பார்க்கப்போகிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆபீசர் அதைத்தான் முதல் வேலையாகச் செய்தார்.

சித்தூரில் முகாம். இரண்டு கட்சியையும் கூப்பிட்டார், படம் பிடித்தவன் என்று என்னையும் கூப்பிட்டார். வடக்கத்திக்காரர், சிரிக்காத முகம். இரண்டு படமும் மேஜைமேல் விரித்திருந்தது, கையில் பூதக்கண்ணாடி. ஒவ்வொரு முகமாக இங்கே ஒரு விரல், அங்கே ஒரு விரல் என்று வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் மணியக்காரரைப் பார்த்து, "இது நீங்கள்தானே?" என்றார். நம் மணியக்காரர் அசரவில்லை. "எனக்கு ஒரு தம்பி இருக்கான் சார், அவன் அந்தப் பக்கம்" என்றார். "மருவும் அதே இடத்திலா?" என்றார் ஆபீசர். "ரெட்டப் புள்ளைங்க சார்" என்றார் மணியக்காரர். நாயுடு அவசரத்தில், "ஆமா சார், ரெண்டு பேரும் எனக்குத் தெரியும்" என்று சாட்சி சொன்னார். ஆபீசர் இரண்டு படத்தையும் சுருட்டி, மனுவில் சேர்க்க முடியாது என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "அருமையான லென்ஸ். யார் தேர்ந்தெடுத்தது?" என்று கேட்டார். என் தங்கை வீட்டுக்காரர் என்று சொன்னேன். மாப்பிள்ளை, இந்த மூன்று ஜில்லாவிலும் உங்களைப் பாராட்டிய ஒரே ஆத்மா அவர்தான், அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

வெளியே வந்ததும் மணியக்காரர் என் சட்டையைப் பிடித்தார். "ஓரத்துல நின்னா உருத் தெரியாதுன்னு நீதானய்யா சொன்ன? உன் வாய நம்பித்தான ஓரமாப் போய் நின்னேன்? நாளைக்கு ஊரு அந்தப் பக்கம் போய்ட்டா மணியம் போயிடும், நாயுடு மூஞ்சில ஒருவாட்டி முழிச்சி வைப்போம்னு பார்த்தேன். அது ஒரு தப்பா?" என்றார். "அது வேற லென்ஸுங்க" என்றேன். "லென்ஸு மாத்தறது எனக்குச் சொன்னியா?" என்றார். அவருக்கு எதிரேதான் மரக்காலை முட்டுக்கொடுத்து மாட்டினேன், அவர் வீட்டு மரக்கால். ஊருக்குப் போனால் அங்கே அதைவிட மோசம். இரண்டு படத்திலும் நின்ற பாதி ஊருக்கு மணியக்காரர்மேல் கோபமே இல்லை, எப்படி வரும்? எல்லாம் என்மேல். "சாமி பார்க்கலாம்னு லாரி ஏறினோம், நடுவுல இறக்கி நிக்கச் சொன்னாங்க, நின்னோம். சோறு துன்னோம். அதுக்கு மூஞ்சிய இவ்ளோ சுத்தமாவா புடிக்கிறது?" என்று வண்ணான் கேட்டான். நான் நாயுடுவிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டு ஊரைக் காட்டிக்கொடுத்தேன் என்றும் ஒரு பேச்சு. மறுநாள் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சந்திரம்மா சொல்லி அனுப்பினது இது: "மொதல்ல என்னிய இல்லாம பண்ணான். அப்புறம் என்னியப் பூசணிக்காயாப் பண்ணான். இப்ப எம் புருசன ரெண்டு ஆளாப் பண்ணிட்டான். இவன் பொண்ணு வந்தா எங்கூடு தாங்காது."

இப்போது சொல்லுங்கள் மாப்பிள்ளை. நீங்கள் ஒரு சுமாரான லென்ஸ் அனுப்பியிருக்கக் கூடாதா? ஓரம் கொஞ்சம் மங்குகிற, பார்த்தும் பார்க்காத மாதிரி போகிற, மனுஷத்தன்மையுள்ள லென்ஸ் ஒன்று அந்தப் பெரிய பட்டணத்தில் கிடைக்கவில்லையா? என் மகள் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. அந்த இரண்டு படத்தையும் இருட்டறையில் விரித்துவைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தையில் முடிய வேண்டிய கல்யாணம். வாங்கிய புடவை பெட்டியில் இருக்கிறது, ரத்தினம்மா அதை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு அழுகிறாள். லென்ஸ் வாங்குவதற்கு என்னென்னவோ எழுதினீர்களே, வட்டம், மூலை, கூர்மை என்று, யார் யார் எதைப் பார்க்காமல் இருந்தால் ஒரு குடும்பம் நடக்கும் என்று ஒரு வரி எழுதினீர்களா? நான் திட்டுவது லென்ஸைத்தான். ஆனால் இனிமேல் கண்ணாடித் துண்டு சம்பந்தமாக எனக்கு எந்த யோசனையும் எழுத வேண்டாம். பொங்கலுக்கு நாங்கள் மதராஸ் வருவதாக இருந்ததும் இனி இல்லை. எனக்கு அந்தப் பக்கமும் வேண்டாம், இந்தப் பக்கமும் வேண்டாம்.

மல்லிகாவுக்கு என் அன்பும் ஆசியும். முழங்காலுக்கு நொச்சித் தழை ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். குழந்தைகள் நூறு வயசு தீர்க்காயுசாக, ஒரே ஊரில், ஒரே பக்கத்தில், யாரும் போட்டோ பிடிக்காமல் வாழ வேண்டும் என்று ஏழுமலையானை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள மச்சான்,
கோவர்த்தனன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடித்துவைத்து, பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டிச் சத்தம். மணியக்காரர், சந்திரம்மா, பழனி. கையில் பழத்தட்டு. மார்கழியில் தட்டு எடுக்கக் கூடாது என்று தெரியாதவர்களா? அவசரம். புத்தூர் வரைக்கும் அவருக்கு 'ரெண்டு போட்டோ மணியக்காரர்' என்று பேர் விழுந்துவிட்டதாம், பழனிக்குப் பெண் கொடுக்க ஒருத்தரும் வாய் திறக்கவில்லையாம். "பழசெல்லாம் மறந்துடலாம் சம்பந்தி, போட்டோவுல இன்னா கீது" என்றார். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுந்தரியைக் கூப்பிட்டேன். காபியோடு வருவாள் என்று பார்த்தால் இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பழனி எதிரே இரண்டையும் விரித்து, "ரெண்டுல எது நீங்க?" என்று கேட்டாள். அவன் பதிலுக்குத் தன் அப்பா முகத்தைப் பார்த்தான். சுந்தரி படத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர்கள் தட்டோடு கிளம்பிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் என் பெண் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆகையால் பெட்டி வராது, பார்சல் ஆபீசில் போய் நிற்க வேண்டாம். மேலே எழுதியதில் வந்தனம், நொச்சித் தழை இரண்டையும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும். பொங்கலுக்கு வருகிறோம். லென்ஸை அனுப்பக் கூடாது என்று சுந்தரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இனிமே யார் என்னியப் பொண்ணு பார்க்க வந்தாலும், மொதல்ல அவங்களக் கேமரா முன்னாடி கூட்டினு போய் ஓரமா நிக்க வை நைனா. படத்தக் கழுவிப் பார்த்துட்டு, அப்புறம் நான் காபி போடறேன்" என்கிறாள்.